மச்சானின் புகையிலைத் தண்ணீர்

என் அக்கா வீட்டுக்காரரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும், முறை அப்படி. என் மகளுக்கு அவர் பெரியத்தா, அதாவது பெரியப்பா. ஓய்வு பெறும்வரை ஏதோ ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்டாக உட்கார்ந்திருந்தவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான். ஓய்வு பெற்ற கையோடு ஒரு துணித் தொப்பி, ஒரு பூதக்கண்ணாடி, தோளில் மாட்டிக்கொள்ளும் தெளிப்பான் எல்லாம் வாங்கிக்கொண்டு மாடித் தோட்டத்தில் இறங்கிவிட்டார். ஆறு கத்தரிச் செடி வைத்தார். ஏழாவது செடி வைப்பதற்குள் ஊருக்கே ஆலோசகர் ஆகிவிட்டார்.

வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார். திண்டுக்கல் டவுனில் மொட்டை மாடி வைத்திருப்பவர்கள், வடமதுரை, நத்தம் பக்கத்துத் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று சகட்டுமேனிக்கு ஆள் சேர்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, சேர்த்துவிட்டார். குழுவின் முகப்புப் படம் ஒரு சிவப்புப் பொறிவண்டு, முதுகில் கறுப்புப் புள்ளிகளோடு. விடிந்தால் ஒரு கரைசல் பற்றி எழுதுவார். மோர்க் கரைசல், இஞ்சி பூண்டுக் கரைசல், வேப்பங்கொட்டைக் கரைசல், கற்றாழைக் கரைசல். அந்த மனிதர் வாயைத் திறந்தாலே கரைசல்தான். ஒவ்வொன்றின் முடிவிலும் தவறாமல் ஒரு வரி இருக்கும்: இயற்கைதானே, பயமே வேண்டாம். அதைப் படித்துவிட்டுக் கும்பல் கும்பலாகக் கைகூப்புவார்கள். நான் அந்தக் குழுவின் சத்தத்தை அணைத்துவைத்தேன்.

இயற்கை என்ற அந்தச் சொல்லை அவர் உச்சரிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரளி விதைகூட இயற்கைதான். நல்லபாம்பின் பல்லில் இருப்பதை எந்தத் தொழிற்சாலையும் தயாரிக்கவில்லை. இதை ஒரு தடவை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "நீ குதர்க்கம் பேசுற" என்று சிரித்துக்கொண்டார். அவருக்குப் புரியாததெல்லாம் குதர்க்கம்.

என் மாடியில் இருந்ததை நான் தோட்டம் என்று சொல்ல மாட்டேன். பழைய பெயின்ட் வாளிகள், விளிம்பு உடைந்த துணி ஊறவைக்கும் டப்புகள், மீன் கடையில் தூக்கிப்போடும் தெர்மகோல் பெட்டிகள். அவற்றில் புதினா, கொத்தமல்லி, கற்பூரவல்லி, ஒரு கறிவேப்பிலை. கறி கொதிக்கும்போது ஓடிப்போய் ஒரு பிடி பறித்து வர, அவ்வளவுதான். படம் எடுத்துப் போடுவதற்கோ பேர் வாங்குவதற்கோ இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தோல் வியாபாரம், மாதத்தில் பாதி நாள் ஈரோட்டில் இருப்பார். வீட்டில் நான் ஒருத்தி. ஒருத்திக்கு அந்த வாளிகள் போதும்.

கல்யாணமாகி நாலு வருஷம் ஒன்றும் தங்காமல், ஊர்வாய்க்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்துப்போன என் மகள் போன வருஷம் முழுகாமல் இருந்தாள். சந்தோஷப்படக்கூட விடாமல் வாந்தி பிடித்துக்கொண்டது. சோறு வடிக்கிற வாடை ஆகாது, தாளிக்கிற வாடை ஆகாது, தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடும். மூன்றாம் மாதமே அவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கன்னமெல்லாம் ஒட்டி, வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. "இன்னும் எடை இறங்கினா பெட்ல சேர்த்துக் குளுக்கோஸ் ஏத்த வேண்டியதுதான். எதாவது ஒன்னு உள்ள போகணும்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த ஒன்று எது என்று கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பால் கஞ்சி, எலுமிச்சை, பொரி, ரஸ்க், நெல்லிக்காய், எல்லாம் தோற்றன. ஒரு நாள் எனக்காக அரைத்த புதினாத் துவையலை அவளே கேட்டு வாங்கி, சுடுசோற்றில் பிசைந்து தின்றாள். நான் வாளியைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாந்தி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மார்க்கெட்டில் புதினாக் கட்டு வாங்கி அரைத்துப் பார்த்தேன். "மருந்து நாத்தம் அடிக்குதும்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மாடிப் புதினாதான் வேண்டும். என் பேரப்பிள்ளை உருவாகிக்கொண்டிருந்தது உடைந்த டப்பில் முளைத்த புதினாவை நம்பி. நான் காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அந்த டப்புகளைத்தான்.

அப்படிப் பார்க்கப் போன ஒரு நாள் நுனியிலைகள் சுருண்டிருந்தன. திருப்பினால் இலைக்கு அடியில் பச்சைப் பச்சையாகப் பூச்சி, கடுகைவிடச் சின்னது. அசுவினி என்று புத்தகத்தில் போடுவார்கள், எங்கள் பக்கம் பேன் என்போம். விரலில் பிசுபிசுத்தது. அந்தப் பிசுபிசுப்பைத் தேடி எறும்பு வரிசை கட்டி ஏறியிருந்தது. உட்கார்ந்து அழுதால் பேன் போகுமா? குழாயில் தண்ணீர் வந்த அன்று ஒரு குடத்தை எடுத்துப் போய் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பீய்ச்சிக் கழுவினேன். எங்கள் ஊரில் குடிதண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவளைப் பைத்தியக்காரி என்பார்கள், என்னைப் பக்கத்து மாடிக்காரி அப்படித்தான் பார்த்தாள். ரொம்பச் சுருண்ட தண்டுகளை ஒட்ட நறுக்கிப் பையில் கட்டி வெளியே போட்டேன். வேப்பெண்ணெயில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் கலந்து, அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு, மகளுக்குப் பறிக்காத வாளிகளுக்கு மட்டும் அடித்தேன். அவளுக்குப் பறிக்கும் இரண்டு டப்புக்கு வெறும் தண்ணீர்தான்.

ஒரு வாரத்தில் எனக்குக் கூட்டாளிகள் வந்து சேர்ந்தார்கள். கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த புழுக்கள், ஆறு காலோடு விறுவிறுவென்று நடந்தன. முதலில் எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. செத்த நேரம் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பேனாகப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தன. பொறிவண்டின் குஞ்சுகள். மகளைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். "நல்லாச் சாப்பிடுதுகள்ல" என்று பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு எனக்கு மனசு லேசாகிவிட்டது.

என் அக்காவுக்கு வாயில் எதுவும் தங்காது. புதினாவில் பேன் விழுந்ததை அவளிடம் போனில் சொன்னது, மச்சான் காதுக்குப் போகாமல் இருக்குமா? மறுநாளே தொப்பியோடு வந்து நின்றார்.

பூதக்கண்ணாடியை இலைமேல் பிடித்து, உதட்டைப் பிதுக்கி, மூச்சை இழுத்து, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி ஒரு சுற்று வந்தார். கறுப்புப் புழு ஒன்றைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தா மாட்டுனான்ல. இவன்தான் எல்லாத்துக்கும் காரணம்."

நான் தடுப்பதற்குள் கட்டை விரலால் நசுக்கிவிட்டார்.

"மச்சான், அது பேனத் திங்கிற பூச்சி. பொறிவண்டோட குஞ்சு."

"பொறிவண்டு எப்படி இருக்கும்னு எனக்கா சொல்ற? செவப்பா, உருண்டையா இருக்கும். இது முள்ளு முள்ளா இருக்கு."

சொல்லிக்கொண்டே இன்னொன்றையும் நசுக்கினார். குழுவுக்கு முகப்பில் பொறிவண்டின் படம், விரல் நுனியில் அதன் பிள்ளைகளின் ரத்தம். நான் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். அக்காவின் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் இலை இலையாகத் தேடி, ஒன்று விடாமல் தீர்த்துவிட்டு, கையை என் துண்டில் துடைத்துக்கொண்டார். நான் அந்தத் துண்டையே தூக்கிப்போட்டேன்.

அவர் தீர்த்துவிட்டுப் போன நாலைந்து நாளில் பேன் இரண்டு மடங்கானது. அதற்கு மோர்க் கரைசலோடு வந்தார். வாரக்கணக்கில் புளிக்கவைத்த மோரில் பெருங்காயம் கலந்தது. மாடியில் அடித்த நாற்றம் படிக்கட்டு வழியாக இறங்கி, கீழே படுத்திருந்த மகளின் மூக்கில் ஏறி, அவள் பொழுது சாயும்வரை குடலைப் பிடுங்கிக்கொண்டு கிடந்தாள். அவர் அதற்கும் அசரவில்லை. "வாடை இருந்தாத்தான் வீரியம் இருக்குன்னு அர்த்தம்" என்றார். மூளை என்று ஒன்று அவருக்கு இருந்திருந்தால் அதுவும் அந்த மோரோடு புளித்திருக்கும்.

நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அதைக் கழுவினேன். மறுபடியும் வந்தார். இந்தத் தடவை குரலே வேறு மாதிரி இருந்தது, ஏதோ புதையல் கிடைத்தவர் போல.

"திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டு மோரையும் பூண்டையும் தேடிக்கிட்டு இருக்கோம் பாரு. நம்ம ஊரு சொத்து என்ன? புகையிலை. அத ஊறப்போட்டு வடிகட்டி அடிச்சா எந்தப் பூச்சி நிக்கும்கிற?"

"எந்தப் பூச்சியும் நிக்காது. மனுசனும் நிக்க மாட்டான். திங்கிற எலையில புகையிலைத் தண்ணி அடிக்கக் கூடாது மச்சான்."

"ஏன், பல்வலிக்குக் கன்னத்துல அடக்கிக்கிறோமே, செத்தா போயிட்டோம்? நம்ம ஊரு ஆம்பளைக எம்புட்டுப் பேரு மென்னு வளந்தவங்க."

இதுதான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உள்ள வியாதி. புகையிலை எங்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி. வீட்டுக்குள் வந்து போகிறவன் கழுத்தை அறுப்பானா என்று ஒரு நம்பிக்கை. நான் வாக்கப்பட்டு வந்த தெருவின் கோடியில் ஒரு புகையிலைக் குடோன் இருந்தது. ஈர இலையைக் கட்டுக் கட்டாகத் தூக்கும் பெண்கள் தலை சுற்றி, வாயில் எச்சில் ஒழுக, சுவரில் சாய்ந்து உட்காருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தின்னாமல், தொட்டதற்கே அப்படி. இதை அவரிடம் பொறுமையாகவே சொன்னேன். மகள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது, இந்தப் புதினா ஒன்றுதான் அவளுக்குச் சோறு, இதில் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுப் படக்கூடாது என்றும் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். அந்தத் தலைக்கு ஆடத்தான் தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மகளின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க நான் லேபுக்குப் போனேன். வீட்டில் மகளுக்குத் துணையாக அக்காவை வரச் சொல்லியிருந்தேன். அவள் பின்னாலேயே அவரும் வந்திருக்கிறார், தெளிப்பானோடு.

திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கில் ஏறியது. அந்தக் குடோன் வாடை. படியேறி ஓடினேன். மாடியில் என் வாளி ஒன்றில் காப்பி நிறத்தில் தண்ணீர், அடியில் புகையிலைக் காம்புகள். இரண்டு டப்புப் புதினாவும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஒரு டப்பில் கொத்தாகக் கிள்ளிய தடம் தெரிந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.

அடுப்படியில் மகள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு, தட்டில் துவையல் பிசைந்த சோறு. அக்கா அம்மிக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடிக்கிட்டு ஒரு வாய் முழுங்கு தாயி. மசக்கையில எல்லாமே நாறத்தான் செய்யும்."

"சுருட்டு வாடை அடிக்குது பெரியத்தா."

"அது ஒன்னுஞ் செய்யாது. பெரியத்தா சொல்றேன்ல."

தட்டைப் பிடுங்கினேன். சோறு தரையெல்லாம் சிதறியது. வாயைத் திற என்றேன். அவள் பயந்துபோய், "நாக்குல வச்சேம்மா, வாடை புடிக்கல, துப்பிட்டேன்" என்றாள். அவளை இழுத்துப்போய் வாயைக் கொப்பளிக்க வைத்தேன், மறுபடி மறுபடி. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். துப்பியது நல்லது, தலை சுற்றினாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே கூட்டி வா, அந்தச் செடியில் எதையும் இனி வாயில் வைக்காதே, கழுவினாலும் போகாது என்றார். இத்தனை மாதமாக எந்த மசக்கையை நான் திட்டித் தீர்த்தேனோ, அந்த மசக்கைதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது. மூக்கு அத்தனை கூர்மையாக இல்லாமல் போயிருந்தால் அவள் பெரியத்தா சொன்னார் என்று முழுங்கியிருப்பாள்.

அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "நல்லாக் கழுவித்தானே அரைச்சா" என்று அக்காவைக் கை காட்டினார்.

கிண்ணத்தில் மிச்சமிருந்த துவையலை வழித்தேன். சட்டியிலிருந்து சுடச்சுடச் சோறு போட்டேன். பிசைந்து, தட்டை மேசையில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க மச்சான். இயற்கைதானே. சாப்பிடுங்க."

தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சுகர் மாத்திரை போட்டு அர மணி நேரம் ஆகல."

"ஆகட்டும். மூடி வைக்கிறேன்."

"இல்ல, எனக்குப் புதினா ஒத்துக்கிறது இல்ல."

மகள் வருவதற்கு முன்னால் ஒரு நாள் இதே மேசையில் பிரியாணிக்குப் புதினாச் சட்னி கேட்டு வாங்கி, கிண்ணத்தை விரலால் வழித்த மனிதர். தெரிந்திருக்கிறது. தன் வாய் என்று வரும்போது எல்லாம் தெரிந்திருக்கிறது. என் பிள்ளையின் வாய் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முழுங்க வேண்டும். அதுவரை அவரை மடையர் என்று நினைத்து ஒரு இரக்கம் வைத்திருந்தேன், அதுவும் போனது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, அவருக்கு முன்னால் தனியாக இறங்கிப் போனாள். அவர் தெளிப்பானை மறக்காமல் எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

டப்புகளை மண்ணோடு கவிழ்த்து மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினேன். ஆடு மேயக்கூடாது என்று மூட்டை வாயை இறுக்கிக் கட்டினேன். அன்றைக்கு மகள் ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த வாடை மூக்கிலேயே நிற்கிறது என்று தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தாள். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினோம். எதைத் தவிர்க்க நான் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேனோ, அதே ஊசி அவள் கையில் ஏறியது. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இந்த மாசம் அவனுக்குப் பல் முளைக்கிறது, அது வேறு கதை.

மகள் கண் அசந்ததும், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை எடுத்தேன். எதற்கென்று தெரியவில்லை, அந்தக் குழுவைத் திறந்தேன். என் டப்பின் படம் போட்டிருந்தார். நான் கவிழ்ப்பதற்கு முன்னால் எடுத்தது. மேலே எழுதியிருந்தார்: புகையிலைக் கரைசல், ஒரே நாளில் பூச்சி காலி, கர்ப்பிணி இருக்கும் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தது. கீழே கைகூப்பல்கள், பூங்கொத்துகள், சாருக்கு நன்றி, சாருக்கு நன்றி. அவற்றுக்கு நடுவில் வடமதுரைப் பக்கத்து அம்மா ஒருத்தி கேட்டிருந்தாள், நேற்று சாயங்காலம் கீரைக்கும் புதினாவுக்கும் அடித்துவிட்டேன், மருமகள் முழுகாமல் இருக்கிறாள், எப்போது பறிக்கலாம் சார் என்று. தாராளமாக இன்றைக்கே பறிக்கலாம் என்று பதில் போட்டிருந்தார்.

அந்தக் குழுவில் முதல்முறையாக எழுதினேன். பறிக்காதீர்கள், அது விஷம், என் மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று போட்டேன். கொஞ்ச நேரத்தில் நான் எழுதியது மறைந்தது. அடுத்து என்னையே நீக்கிவிட்டிருந்தார். அந்த அம்மாவின் நம்பர் மட்டும் பழைய செய்தியில் இருந்தது. வராண்டாவுக்கு வந்து கூப்பிட்டேன்.

எடுத்தாள். நான் யார், அவருக்கு என்ன முறை, என்ன நடந்தது, டாக்டரம்மா என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். இன்னும் பறிக்கவில்லை, இப்போதுதான் பறிக்கக் கூடையை எடுத்தேன் என்றாள்.

"அந்தத் துவையல அவர் முன்னாலயே வச்சேம்மா. அவரு ஒரு வாய் தொடல" என்றேன்.

"சார் யாரு வீட்டுலயும் கை நனைக்க மாட்டாரும்மா. எங்க வீட்டுக்கு வந்தப்பக்கூடப் பச்சத்தண்ணி குடிக்கல. அம்புட்டு ஒழுக்கம்."

அவர் பேச்சை விடு, உன் மருமகளைப் பார், அவள் வயிற்றைப் பார் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை.

"நீங்க சொல்றதும் சரியாத்தான்மா படுது" என்றாள் அந்த அம்மா. "எதுக்கும் சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் பறிக்கிறேன்."